மாவு ஒட்டாத இடம்

அடுத்தவர் முதுகைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் என்னுடையது. தொழுநோய் சர்வே. எண்பதுகளின் ஆரம்பத்தில் திருவண்ணாமலையில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பி, அன்றைக்கு எந்தத் தெருவோ அந்தத் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "கொஞ்சம் சட்டையைக் கழட்டுங்க" என்று சொல்ல வேண்டும். ஜனத்தொகைக் கணக்கு எடுத்தவர்கள், கொசு மருந்து அடித்தவர்கள், குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசப் போய் வெளியே தள்ளப்பட்டவர்கள், இப்படிக் கதவைத் தட்டிப் பிழைத்த அத்தனை பேரும் எனக்குப் பங்காளிகள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் கதவைத் திறந்ததும் பேர் கேட்டீர்கள், வயசு கேட்டீர்கள். நான் கேட்டதை ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், அப்புறம் உங்கள் கஷ்டத்தைப் பேசலாம்.

அரிக்காத வியாதி

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது மொத்தமும் தோல்தான். தேமல் என்றால் முதுகிலும் மார்பிலும் தீவுத் தீவாகப் பரவும், நகத்தால் சுரண்டினால் தவிடு மாதிரி உதிரும். படர்தாமரை வட்டமாக வரும், ஓரம் தடித்திருக்கும், அது இருக்கிற ஆள் நம்மோடு பேசிக்கொண்டே சொறிவார். வெண்புள்ளி பால் வெள்ளை, ஆனால் தொட்டால் தெரியும். பிறவி மறுவை நாம் கேட்பதற்குள் பெற்றவளே சொல்லிவிடுவாள். எங்களுடையது இருக்கிறதே, அது வெள்ளையும் இல்லை, வெறும் வெளிறல். அரிக்காது, வலிக்காது, வியர்க்காது. அந்த இடத்தில் முடி உதிர்ந்திருக்கும், தொட்டால் தெரியாது. ஒரு புகாரும் சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும். அந்த நல்ல குணம்தான் அதன் விஷமம்.

வேங்கிக்கால் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை படர்தாமரை. மனுஷன் இரண்டு கையாலும் சொறிந்துகொண்டே என்னைக் கடவுளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இது படை. எங்க டிபார்ட்மெண்ட் இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். தம்பி ஒன்றும் கேட்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் தோள்பட்டையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு வெளிறல். தொட்டுப் பார்த்தேன், அவருக்குத் தெரியவில்லை. உட்காரவைத்து, பேர் எழுதி, அட்டை போட்டு, ஒரு மாதத்துக்கு மாத்திரையையும் எண்ணிக் கொடுத்தேன். அண்ணன் சொறிவதை நிறுத்திவிட்டார். "அரிக்கிறவனுக்கு ஒண்ணும் இல்ல, அரிக்காதவனுக்கு மாத்திரயா? உன்ன எவன் சார் வேலைக்கு வச்சது?"

கல்லும் கையும்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டல். காலையில் இட்லி, தோசை. சாயங்காலம் பரோட்டா. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, இரண்டு வேளையும் அங்கேதான். முதலாளி முனிரத்தினம் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். பேச்சு ரொம்பக் கம்மி. சில்லறையை நீட்டும்போது முகத்தை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். பரோட்டா மாஸ்டரின் பேர் கன்னியப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பேரை எழுதினால் இன்றைக்கும் கரண்டியோடு வந்து நிற்பார். அவர்தான் அந்த ஓட்டலின் பெருமை. கல்லில் வேகிற பரோட்டாவை வெறும் கையால் திருப்புவார். சால்னா அண்டாவைத் துணி இல்லாமல் தூக்கி இறக்குவார். வெளியூர் ஆட்கள் டீயை ஆறவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். நானும் இரண்டு வருஷம் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன்.

ஒரு மே மாதச் சாயங்காலம் கல்லுக்குப் பக்கத்தில் என் வழக்கமான மேஜையிலும் இடமில்லாமல், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். மாஸ்டர் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். மைதா மாவு இரண்டு கையிலும் முழங்கைக்கு மேல் வரை அப்பிக்கிடந்தது. வலது முன்கையில் மட்டும் உள்ளங்கை அளவு ஓர் இடம், மாவே ஒட்டாமல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வியர்வை இருந்தால்தானே மாவு ஒட்டும்? முடியும் இல்லை. ஓரம் லேசாகத் தடித்திருந்தது. தட்டைக் கீழே வைத்தேன். அப்புறம் சுண்டுவிரலைப் பார்த்தேன். நிமிர்ந்து நிற்க வேண்டியது லேசாக உள்ளே சாய்ந்திருந்தது.

விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றை இடத்தில் வருகிற அந்த வகை அடுத்தவருக்கு ஒட்டாது, உயிரையும் வாங்காது. ஆனால் முழங்கையில் ஓடுகிற நரம்பைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வருஷத்தில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கிப்போகும். சூடு தெரியாத கை தினம் வெந்து, புண்ணாகி, விரல் குட்டையாகும். மாவு பிசைந்து பிழைக்கிறவருக்கு அப்புறம் என்ன மிச்சம்? அந்த வருஷம்தான் புதிதாகச் சிவப்பு மாத்திரை எங்கள் பக்கம் வந்திருந்தது. ஆறு மாதம் சாப்பிட்டால் நோய் நிற்கும், விரலும் நிற்கும். இனி நான் எதைச் சொன்னாலும் நீங்கள் அந்தச் சுண்டுவிரலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு மெதுவாக, "மாஸ்டர், அந்த எடத்துல சூடு தெரியுதா?" என்று மட்டும் கேட்டேன். அவர் பரோட்டாவை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே சிரித்தார். "கை பயகிப் போச்சு சார். நெருப்புக்கும் எனக்கும் சண்டையே கெடையாது."

கோழி இறகு

ஓட்டலில் மூணு மணிக்கு அடுப்பு ஓயும். முதலாளி கல்லாவிலேயே கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பார். அந்த நேரம் பார்த்து மாஸ்டரைப் பின்கட்டுக் குழாயடிக்கு அழைத்துப் போனேன். எங்கள் தொழிலில் பெரிய கருவி எதுவும் கிடையாது. சட்டைப் பையில் ஒரு கோழி இறகு, அவ்வளவுதான். கண்ணை மூடச் சொல்லி இறகால் தொட வேண்டும். எங்கே தொட்டோம் என்று ஒரு விரலால் அவர் காட்ட வேண்டும். கன்னியப்பன் கண்ணை மூடினார், ஆனால் கீழே ஒரு கோடு திறந்திருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டையே எடுத்துக் கண்ணில் போட்டேன். அப்புறம் மனுஷன் வேறு தந்திரம் கண்டுபிடித்தார். மூச்சு விடுகிற இடைவெளியில் ஒரு தரம் "தெரியுது" என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் "தெரியுது." நான், "இன்னும் தொடவே இல்ல மாஸ்டர்" என்றேன். "தொடப்போறது தெரியுது சார்" என்றார்.

கடைசியில் என் பஸ் டிக்கெட்டை அவர் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வைத்து, "இறுக்கிப் பிடிங்க" என்று இழுத்தேன். புத்தகத்திலிருந்து காகிதத்தை எடுப்பது போல வந்துவிட்டது. அவரும் அதைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் கறுத்துப்போனது. எங்கள் கிளினிக் அப்போதெல்லாம் வாரம் ஒரு நாள் செங்கம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நடக்கும். டாக்டர் ஜீப்பில் வருவார், பெஞ்சு போடுவோம், வரிசை நிற்கும். அந்த வரிசையில் ஒருவர் நிற்பதை பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். வேறொரு ஓட்டலில் தண்ணீர் தூக்கின ஆள் ஒருவர் அப்படி ஒரே நாளில் வேலை போய் நின்றது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கையே போயிடும்யா, புரியுதா இல்லையா?" என்று கத்திவிட்டேன். கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "விரலு மடங்கறதுக்கு மூணு வருஷம் ஆவும்னு நீங்களே சொல்றீங்க சார். அந்தப் புளியமரத்துல போயி நின்னா, மூணு மணிக்கே வேல பூடும்."

தோஷம்

அடி அண்ணாமலைக்கு சர்வேக்குப் போனபோது எனக்கு முன்னாலேயே என் புகழ் போயிருந்தது. ஊர் எல்லையில் சைக்கிளை நிறுத்துவதற்குள் முப்பது நாற்பது பேர். ஆண்கள் சட்டையைக் கழற்றித் தயாராக நிற்கிறார்கள். வழக்கமாக மணிக்கட்டுக்கு மேல் காட்டாத பெண்கள் முழங்கை வரைக்கும் காட்டுகிறார்கள். நம்முடைய பிரசாரம் வேலை செய்கிறது என்று எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. முதல் ஆள் முதுகைத் திருப்பி, "எடப்பக்கம் கீது பாருங்க, நல்லதா கெட்டதா?" என்றார். "வெறும் மச்சம்தான், ஒண்ணும் பண்ணாது" என்றேன். "ஒண்ணுமே பண்ணாதா?" என்று சோர்ந்துபோனார். அடுத்தவரும் மச்சம். அதற்கடுத்த அம்மா, மகளுக்கு எந்தத் திசையில் மாப்பிள்ளை என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடம்பைப் பார்த்துப் பலன் சொல்கிற ஆள் வருகிறார் என்று ஊரில் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

மறுத்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நாற்பது முதுகும் கலைந்துவிடுமே என்று மூடிக்கொண்டேன். அந்த வரிசையில் நிஜமாகவே இரண்டு பேருக்கு இருந்தது. இன்ன நோய் என்று தனியாகக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னேன். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றேன். "ஆறு மாசமா? அவ்ளோ பெரிய தோஷமா?" என்றார் ஒருவர். "பெருசுதான்" என்றேன். மாத்திரையை அவர் வீட்டம்மா தாம்பாளத்தில் வாங்கிக்கொண்டாள். என் சர்வீசில் ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிட்டவர்கள் அந்த இரண்டு பேர்தான். இந்தப் பக்கம் கன்னியப்பனுக்கு நான் எத்தனை அறிவியல் பேசினேன், ஒன்றும் ஏறவில்லை. கிளம்பும்போது முதலில் வந்த மச்சக்காரர் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் பரிகாரம், எங்களுக்கு ஒண்ணுமே இல்லயா? நாங்க இன்னா பாவம் பண்ணோம் சார்?"

கண்ணை மூடியவர்

செங்கம் ரோட்டில் ஆசிரமங்கள் இருக்கிற பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற அம்மா ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். தன் வீட்டில் இருக்கிற வெள்ளைக்காரருக்கு உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது, பக்கத்து வீட்டில் பேசுகிறார்கள், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். போனேன். ஆறடி ஆள். வேட்டி கட்டிக்கொண்டு, மேலே ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பயிற்சி கொடுத்தது கறுத்த தோலில் வெளுத்த இடத்தைத் தேட. இங்கே மொத்தமும் வெளுத்த இடம். அதில் பழுப்புப் புள்ளிகள். தோளில் வெயில் பட்டுத் தோல் வெங்காயச் சருகாக உரிந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

சரி, இறகு பொய் சொல்லாது என்று அதை எடுத்தேன். ஜாடையால் கண்ணை மூடச் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். சம்மணத்தை இறுக்கிப் போட்டு, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடினார். இறகால் தொட்டேன். முகத்தில் ஒரு புன்னகை வந்தது. விரல் அசையவில்லை. மூன்று இடம் தொட்டேன், அதே புன்னகை. "சார், சார்" என்று கூப்பிட்டேன். ஆள் இங்கே இல்லை. தொட்டது தெரியவில்லையா, தெரிந்தும் பெரிதாகப் படவில்லையா என்று எங்கள் பாடப் புத்தகத்தில் பிரித்துச் சொல்லவில்லை. அரை மணி நேரம் இறகும் கையுமாக நின்றேன். வீட்டுக்கார அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "கண்ண மூடுன்னு சொல்றதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? இவங்க மூடுனா, சாப்பாட்டு நேரத்துக்குத்தான் தொறப்பாங்க."

ஐந்து நிலைக் கோபுரம்

கார்த்திகைத் தீபத்துக்கு ஊரில் பத்து நாள் கடைகள் போடுவார்கள். அது முடிந்த மறுநாள் ஓட்டலுக்குப் போனால் கன்னியப்பன் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பச்சை. கோபுரம் குத்தியிருக்கிறார். கை வீங்கிக்கிடக்கிறது. மாவு ஒட்டாத அந்த இடம் மொத்தமும் கோபுரத்துக்குள்ளே போய்விட்டது. திருட்டுத்தனத்திலும் என்ன ஒரு பக்தி! எனக்கு வந்த ஆத்திரத்தில் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். செத்த தோலில் ஊசியா, சீழ் வைத்தால் என்ன ஆகும், கூட்டத்தில் இறகை உருவிக் காட்டிவிடலாமா என்றெல்லாம் தோன்றியது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே கரண்டியை வைத்துவிட்டு, "வா சார்" என்று பின்கட்டுக்கு நடந்தார். நான் கூப்பிட்டால் நழுவி ஓடுகிற ஆள், அன்றைக்குத் தானாகப் போய்க் குழாயடியில் உட்கார்ந்தார்.

"பதினொரு நிலைக்குக் கையில எடம் இல்லன்னுது அந்த அம்மா. அஞ்சு போடச் சொன்னேன்" என்று ஆரம்பித்தார். பச்சை குத்துகிற அம்மா கீழேயிருந்து குத்திக்கொண்டு வந்திருக்கிறாள். கீழ் நிலைக்கு இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் விட்டிருக்கிறார். இரண்டாம் நிலையில் சட்டென்று வலி நின்றுவிட்டது. ஊசி நின்றுவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தால் ஊசி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ரத்தம் முத்து முத்தாக வருகிறது. அந்த அம்மாவும் நிறுத்திவிட்டு இவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள். தலையைக் குனிந்துகொண்டு மறுபடி குத்தியிருக்கிறாள். கலசத்துக்கு வந்தபோது மறுபடியும் உயிர் போகிற வலி. என் இறகை ஏமாற்றினவருக்கு ஊசியை ஏமாற்ற முடியவில்லை. ஏச வந்த எனக்கு அழுகைதான் வந்தது. கன்னியப்பன் கையை என் மடியில் வைத்தார். "ரத்தம் வர்றத பாத்துக்கினே கீறேன் சார். அது என் கையே இல்ல."

சிவப்பு மாத்திரை

அப்புறம் ஏற்பாடு செய்தோம். டாக்டரிடம் சொன்னேன். அவர் நல்லவர், ஒரு நாள் ஜீப்பைத் தூரத்தில் நிறுத்திவிட்டு ஓட்டலுக்கே டீ குடிக்க வந்து கையைப் பார்த்துவிட்டுப் போனார். ரிஜிஸ்டரில் மாஸ்டரின் சொந்த ஊர் விலாசத்தைப் போட்டோம். வெள்ளை மாத்திரை தினம் ஒன்று, அதை அவர் வீட்டில் சாப்பிட்டுவிடுவார். சிவப்பு மாத்திரை மாதம் ஒரு தரம், அதை என் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்பது சட்டம். ஆகையால் மாதம் ஒரு நாள் மூணு மணிக்கு நான் பின்கட்டுக்குப் போவேன். அவர் வாயைத் திறந்து போட்டுக்கொண்டு, நாக்கைத் தூக்கிக் காட்டுவார். முதல் மாதம் ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். அந்த மாத்திரை சாப்பிட்டால் அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். சாயங்காலம் கூட்ட நேரத்தில் மாஸ்டர் கல்லை விட்டுவிட்டு என் மேஜைக்கு ஓடி வந்து, "சார், உள்ள இன்னாமோ ஒடஞ்சி போச்சு" என்று காதில் சொன்னார். பக்கத்தில் சாப்பிட்டவர்கள் நான்தான் எதையோ உடைத்துவிட்டேன் என்று பார்த்தார்கள்.

மூன்றாவது மாதம் பின்கட்டிலிருந்து வெளியே வருகிறேன், முனிரத்தினம் கல்லாவிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால் கன்னியப்பன் அந்த நிமிஷமே தெருவில். மாஸ்டர் கல்லுக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கிறார், கையில் உருட்டின மாவு அப்படியே இருக்கிறது. முதலாளி மாஸ்டருக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் உரக்கவே கேட்டார். "இன்னா சார், மாசம் தவறாம பின்னாடி போயி ரகசியம் பேசறீங்க. என் மாஸ்டர எந்த ஓட்டலுக்கு இழுக்கறீங்க?"

பயந்தாங்கொள்ளி

மாத்திரை நோயைத்தான் நிறுத்தும். செத்த தோல் உடனே பிழைக்காது. அதனால் அந்தக் கையைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவது பாதி வைத்தியம். அண்டாவைச் சாக்குத் துணி மடித்துப் பிடிக்க வேண்டும், பரோட்டாவை நீளக் கரண்டியால் திருப்ப வேண்டும், சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கையைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவ வேண்டும் என்று சொல்லிவைத்தேன். கன்னியப்பனுக்கு மாத்திரை விழுங்குவது சுலபமாக இருந்தது, கரண்டி பிடிப்பதுதான் கஷ்டம். அவர் பேரே அந்த வெறுங்கையில்தானே இருந்தது! முதல் நாள் கரண்டியால் திருப்பும்போது கல்லைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு திருப்பினார்.

வாடிக்கைக்காரர்கள் சும்மா விடுவார்களா? வேடிக்கை போய்விட்டது என்று ஒரே புலம்பல். ஒரு லாரி டிரைவர் கரண்டி பட்ட பரோட்டா ருசிக்கவில்லை என்று சத்தம் போட்டார். எப்போதும் வாய் திறக்காத முனிரத்தினம், "கை பட்டதுதான் வேணும்னா வீட்டுல போயி சாப்பிடு" என்று ஒரே வரியில் அவரை அனுப்பினார். முதலாளிக்கும் வயசாகி எரிச்சல் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். என் எதிரில் உட்கார்ந்து தினம் சாப்பிடுகிற கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் சால்னாவைக் குழைத்துக்கொண்டே பெருமூச்சு விட்டார். "இன்னா மாதிரி கை சார் அது! இப்ப பாருங்க, சூடுன்னா நடுங்கறாரு. பயந்தாங்கொள்ளி ஆயிட்டாரு மனுஷன்."

கல்லாக்காரர்

ஆறாவது சிவப்பு மாத்திரையும் முடிந்தது. பின்கட்டில் உட்காரவைத்துச் சோதித்தேன். துண்டு போடவில்லை, அவரே கண்ணை நன்றாக மூடிக்கொண்டார். கோபுரத்தில் இரண்டாம் நிலையில் இறகு பட்டதும் விரலால் காட்டினார். நடுவில் தெரியவில்லை, அது இனிமேலும் தெரியுமா என்பது சந்தேகம்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அதையும் சொல்லிவிட்டேன். அப்புறம் பஸ் டிக்கெட்டை விரலிடுக்கில் வைத்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாக இழுத்தேன். டிக்கெட் கிழிந்து பாதி என் கையில் வந்தது, பாதி அவர் விரலில் நின்றது. சுண்டுவிரல் நிமிர்ந்துதான் இருந்தது.

வெளியே வந்தால் முனிரத்தினம் முன்கதவைப் பாதி சாத்திவிட்டு நிற்கிறார். சட்டையைக் கழற்றிக் கல்லாமேல் வைத்துவிட்டு முதுகைத் திருப்பினார். "நம்புளுதும் பாத்துடுங்க சார். அந்தச் செவப்பு மாத்திரதான்னா இன்னிக்கே குடுங்க, முழுங்கிடறேன்." "உங்களுக்கு... மாஸ்டர் விஷயம்..." என்று இழுத்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "அண்டா பட்டுக் கையில கொப்புளம் நிக்குது, ஆளு பாட்டுக்குப் பரோட்டா அடிக்கிறாரு. எனக்குக் கண்ணு இல்லயா? நீங்க கண்டுபுடிக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே தெரியும்." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு வருஷம் அந்தக் கை வெந்ததே என்று கேட்டேன்.

அவர் சட்டென்று திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "சொல்லிருக்கணும் சார், தப்புதான். ஆனா நான் வாயத் தொறந்தா அன்னிக்கே பெட்டியத் தூக்கிக்கினு வேற ஊரு ஓட்டல்ல போயி நிப்பாரு. இங்கயே இருந்தா நீங்க ரெண்டு வேளயும் வர்றீங்க, என்னிக்காவது ஒரு நாள் நீங்களா பாப்பீங்கன்னு உங்கள கல்லுக்குப் பக்கத்து மேசையிலயே உக்கார வச்சேன். நீங்க தட்டத்தான் சார் பாத்தீங்க!"

அவரைத் திருப்பி நிற்கவைத்து முதுகைச் சுரண்டினேன். தவிடு மாதிரி உதிர்ந்தது. ஆக, இத்தனை வருஷம் அந்த ஓட்டலில் சாப்பிட்டு, ஒரு தப்பும் இல்லாமல், பார்த்த உடனே நான் கண்டுபிடித்த வியாதி தேமல் ஒன்றுதான்.